ஏழாவது எலும்பைச் சுற்றி ஒரு கோடு

அன்றைக்கு நான் உங்கள் அறைக்கு வந்திருந்தபோது ஒரு பெண் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு கழுத்தைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு எக்ஸ்ரே படம் திரையில் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினாள். கண்மூடித் திறப்பதற்குள் கழுத்தெலும்புகள் ஏழும் ஏழு நிறமாகிவிட்டன. மேலே இருப்பது சிவப்பு, அடுத்தது மஞ்சள், ஆகக் கீழே இருப்பது நல்ல கத்தரிப்பூ நிறம். பாராட்டுவேன் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தீர்கள். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். வயதானவளுக்கு ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உங்களில் யாரோ அதை அணைத்தார். ஏ.சி. ஒன்றும் செய்யவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எக்ஸ்ரே படத்தில் கம்ப்யூட்டர் பூசும் நிறத்தைச் சரிபார்க்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் மேலாளர் கேட்டார். மெஷினை எப்படி ஓட்டினோம், படத்தை எப்படிக் கழுவினோம் என்பதெல்லாம் எனக்கே அலுத்துப்போன சங்கதி. உங்களுக்கு அது எதற்கு? அன்று ஏன் தண்ணீர் கேட்டேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், கல்யாணமான புதிதில் மாமியாரின் செருமலுக்குக்கூடப் பயம். எக்ஸ்ரே வேலையில் சேர்ந்த பிறகு கழுத்துக்குப் பயம் என்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. கை உடைந்து வந்தால் கையோடு போகும். கழுத்தில் உடைந்தால் கை, கால், மூச்சு எல்லாம் அந்த ஒரு இடத்தில் தொங்குகிறது. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. எலும்பு பார்க்கும் டாக்டர் ஒருவர், எக்ஸ்ரே எடுக்க நான் ஒருத்தி. வருகிறவர்கள் எல்லோரும் என்னை 'சிஸ்டர்' என்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் எங்களுக்கும் சீசன் தொடங்கிவிடும். பாறையில் வழுக்கினவர், படியில் உருண்டவர், அருவிக்கு அடியில் நின்று முதுகில் கல் வாங்கினவர் என்று வரிசையாக வருவார்கள். எல்லோர் மேலும் நல்லெண்ணெய் வாசனை. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவதுதான் அங்கே முறை. அந்த எண்ணெய்தான் பாதிப் பேரை எங்களிடம் அனுப்பி வைத்தது.

டாக்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. சிவப்பு மெழுகு பென்சில் ஒன்றைச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பார். கண்ணாடியில் எழுதுவார்களே, அந்தப் பென்சில். படம் காய்ந்ததும் விளக்குப் பெட்டியில் மாட்டி ஒவ்வொரு எலும்பையும் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் எண் எழுதுவார். இன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டர் செய்வதை அன்றைக்கு அவர் கையால் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக இல்லை, வந்தவர்களுக்காக. எங்கள் பக்கத்து ஜனம் படத்தை வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டு பேசாமல் போகாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கும். டீக்கடைக்காரர் பார்ப்பார், வண்டிக்காரர் பார்ப்பார், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கண்டதைச் சொல்லிக் குழப்புகிறார்களே என்றுதான் டாக்டர் கோடு போட ஆரம்பித்தார். கோடு போட்ட பிறகு யாரும் எதுவும் பேசுவதில்லை. சிவப்புக் கோட்டுக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு நாள் மத்தியானம் மாடசாமி வந்தார். வாசுதேவநல்லூர் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் இருந்தார். லீவில் வந்தவர் அண்ணனோடு குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்து, பேரருவியில் கால் வைத்ததும் வழுக்கித் தலைகுப்புற விழுந்திருக்கிறார். விழுந்தவர் எழுந்து, ஈர வேட்டியை மாற்றி, சட்டை போட்டு, டவுன் பஸ்ஸில் ஏறித் தென்காசி வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே எங்களிடம் வந்தார். இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தோளைப் பார்க்கவேண்டும் நீங்கள். அகலத்தில் வாசலையே அடைத்துக்கொண்டது.

"சுளுக்குதான் சிஸ்டர்," என்றார் அண்ணன். "அங்கன எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சியே ஒரு சொடக்கு எடுத்தா சரியாப் போயிரும். அவரு பயப்படுதாரு. படம் பாக்காம கழுத்துல கை வைக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். அதுக்காவத்தான் வந்தோம்."

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். குற்றாலத்தில் உடம்பு பிடித்து விடுகிறவர்கள் கடைசியில் மோவாயில் ஒரு கையும் பின்தலையில் ஒரு கையும் கொடுத்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கழுத்தை வெட்டித் திருப்புவார்கள். சடக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் ஆட்களுக்குத் திருப்தி.

நான் மாடசாமியை உட்காரவைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். முதல் படத்தில் அவர் இருமிவிட்டார். மங்கலாக வந்தது. அதைக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன். அவர் சும்மா இருக்காமல், "நடு விரல்ல எறும்பு ஊருத மாதிரி இருக்கு சிஸ்டர்," என்று வலது கையைக் காட்டினார்.

"அருவித் தண்ணிலே அது. எனக்கும்தான் மரத்துப் போய் கெடக்கு," என்றார் அண்ணன். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

டாக்டர் படத்தை மாட்டிக் கோடு போட்டார். முதல் எலும்பு, இரண்டாவது, மூன்றாவது என்று அழகாக இறங்கி வந்தது பென்சில். அண்ணன் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தார். ஆறாவது முடிந்ததும், "ஏழு இருக்கும்னு சொன்னாவளே சார்?" என்று கேட்டார். டாக்டர், "ஏழாவது இங்கன இருக்கு," என்று சொல்லி அதற்கும் ஒரு கோடு போட்டு 7 என்று எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. ஏழாவது அங்கேதான் இருக்கும், எல்லா மனிதருக்கும். ஆயிரம் கழுத்துப் பார்த்த கை, தானாகவே வரைந்துவிட்டது. நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உடைசல் ஒன்றும் இல்லை, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும் என்றார் டாக்டர். அண்ணன் படத்தை வாங்கிக்கொண்டார்.

"வாலே, அண்ணாச்சிகிட்டப் போவோம். இனி என்ன சாக்குச் சொல்லுதாருன்னு பாப்போம்," என்று வாசலில் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மாடசாமி தலையைத் தாங்கியபடியே பின்னால் போனார்.

வீணாய்ப்போன படங்களை ஒரு தடவை விளக்கில் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கி வைப்பேன். எதில் கெடுத்தேன் என்று தெரியவேண்டுமே. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் அந்த இருமல் படத்தை எடுத்து மாட்டினேன். மங்கல்தான், ஆனால் எலும்புகள் தெரிந்தன. சும்மா விரலை வைத்து எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான். ஆறாவதுக்குக் கீழே மாடசாமியின் தோள் வந்து மறைத்துவிட்டது. அங்கே எலும்பும் இல்லை, எலும்பு மாதிரியும் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை. டாக்டர் 7 என்று எழுதியது இந்த வெள்ளையின் மேல்.

படத்தை உருவிக்கொண்டு டாக்டரின் அறைக்கு ஓடினேன். அவர் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், இது அந்தப் பட்டாளத்துக்காரர் படம். கோடு போடாதது."

வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைந்தது, எண்ணினார். கேரியரை மூடினார்.

"ஏழாவது எங்கம்மா?"

"தோளுக்குள்ள இருக்கு சார். தெரியல."

"தெரியாததையா நான் வரைஞ்சேன்?" என்றார், தன்னிடமே கேட்பதைப் போல. பிறகு, "விரல் ஏதும் மரத்திருக்குன்னு சொன்னானா?"

"நடு விரல் சார். எறும்பு ஊருதுன்னாரு. அருவித் தண்ணின்னு அண்ணன் சொன்னாரு."

"தண்ணி ஒரு விரலை மட்டுமாம்மா மரக்க வைக்கும்?" ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் இடையில் நரம்பு நசுங்கினால் நடு விரலில்தான் தெரியும் என்று கைகழுவப் போகிற வழியில் சொன்னார். "இப்போ எங்க அவன்?"

"குற்றாலத்துக்குப் போயிட்டாங்க சார். சொடக்கு எடுக்க."

அவர் முகத்தில் நான் பார்த்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. பெரிய டாக்டர், எதற்கும் பதறாதவர். என்னைவிட அதிகமாகப் பயந்தார். அதை மறைக்கவும் இல்லை. நாற்பது வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் மனசு நிறைகிறது என்றால் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான். தான் போட்ட கோடு சரியாகத்தான் இருக்கும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

டிரைவர் அன்று வரவில்லை. டாக்டரே கார் ஓட்டினார். நான் எக்ஸ்ரே அறையிலிருந்து இரண்டு மணல் பைகளையும் நீளப் பலகை ஒன்றையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். மணல் பை என்றால் நோயாளி அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் அண்டை கொடுப்பது. வழியில் மேலகரம் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. சாலை முழுக்க டூரிஸ்ட் பஸ், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரத் தலையோடு நடக்கிற கூட்டம். ஒரு பள்ளத்தில் கார் இறங்கி ஏறியபோது எனக்கு வேறொரு நினைப்பு வந்தது. இதே பள்ளத்தில்தானே அவர் போன பஸ்ஸும் இறங்கி ஏறியிருக்கும்? போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. தலையை அவர் கையில் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் இதுவரை தப்பித்திருக்கிறது. அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. 'சாமி, அந்த ஆள் கையை எடுத்துடக் கூடாது' என்று வேண்டிக்கொண்டே போனேன்.

காரைக் கோவில் பக்கம் நிறுத்திவிட்டு இறங்கினோம். சீசன் கூட்டத்தில் ஒரு ஆளை எங்கே போய்த் தேடுவது? எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் எண்ணெய் வழிகிற முதுகு. அருவி இரைச்சலில் பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. டாக்டர் ஒரு பக்கம் பார்க்கிறார், நான் ஒரு பக்கம் பார்க்கிறேன்.

அப்போது கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அந்தப் படம் தெரிந்தது. அண்ணன் அதை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். சுற்றி நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கோடு தூரத்திலிருந்தே தெரிந்தது.

முண்டியடித்துக்கொண்டு போனோம். மாடசாமி எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் மடியில் இருந்தன. தலையைத் தாங்கிய கையை எடுத்துவிட்டார். எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சி அவருக்குப் பக்கவாட்டில் நின்று மோவாயில் ஒரு கையும் பின்தலையில் ஒரு கையும் வைத்திருந்தார். வயதானவர், மெலிந்த ஆள். அவர் கண் இன்னும் அந்தப் படத்தின் மேலேயே இருந்தது.

"பாத்தேருல்லா? ஏழும் சரின்னு டாக்டரே கோடு போட்டுத் தந்திட்டாவ," என்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். "இன்னும் என்னத்துக்கு யோசிக்கேரு?"

நான் மூச்சை இழுத்து, 'மாடசாமி!' என்று அலற வாயைத் திறந்தேன்.

டாக்டர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "கூப்பிடாதம்மா," என்றார் காதோடு. "கூப்பிட்டா திரும்பிப் பாப்பான்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆபத்தில் இருக்கிறவனைப் பார்த்தால் பெயர் சொல்லிக் கத்துவதுதான் நமக்குத் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதன் முதலில் திருப்புவது கழுத்தை. அந்த அண்ணாச்சி செய்யப் போனதை நானே ஒரு சத்தத்தில் செய்து முடித்திருப்பேன். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். கத்தவும் கூடாது, ஓடவும் கூடாது, பார்த்துக்கொண்டும் நிற்க முடியாது. என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நேரம் கிடையாது.

டாக்டர் என் கையை விட்டுவிட்டு நடந்தார். ஓடவில்லை. பராக்குப் பார்க்கிறவரைப் போல, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அண்ணாச்சியின் முழங்கை லேசாக உயர்வதை நான் பார்த்தேன். திருப்புவதற்கு முன்னால் அப்படித்தான் உயரும். டாக்டர் அதற்குள் மாடசாமியின் முன்னால் போய், மழைச் சேற்றில் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனார். சிரித்தார்.

"அப்படியே இரு தம்பி. என்னைய மட்டும் பாரு. பதில் சொல்லாதே, தலையாட்டாதே."

பிறகு கண்ணை மட்டும் மேலே உயர்த்தினார். "அண்ணாச்சி, கையை எடுக்காதீங்க. திருப்பவும் வேண்டாம். இப்போ எப்படிப் பிடிச்சிருக்கீங்களோ அப்படியே பிடிச்சுக்கிடுங்க. தலை இப்போ உங்க கையிலதான் இருக்கு."

அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் அப்பமே சொன்னேன் சாமி, பயமா இருக்குன்னு. கோட்டைக் காட்டி என்னைய வாயடைச்சிட்டாவ," என்றார். குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை.

கை நடுங்கவில்லை, ஆனால் கையெல்லாம் எண்ணெய். மோவாயிலும் எண்ணெய். விரல்கள் மெதுவாக வழுக்க ஆரம்பித்தன. நான் முன்பக்கமாகச் சுற்றி வந்து, பக்கத்தில் நின்றவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி, அண்ணாச்சியின் உள்ளங்கைக்கும் மாடசாமியின் மோவாய்க்கும் இடையில் விரல்கடை விரல்கடையாக நுழைத்தேன். பிறகு பின்பக்கமும் அப்படியே. அண்ணன் அதுவரை படத்தைத் தூக்கிப் பிடித்த கையை இறக்கவே இல்லை.

"என்ன சார், சரின்னீங்களே?" என்றார்.

"சரின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. ஏழாவதை நான் பாக்கல, பாக்காமலே வரைஞ்சிட்டேன்," என்றார் டாக்டர், அத்தனை பேர் முன்னாலும். "அந்தப் படத்தை வச்சிட்டு, கோவில் பக்கம் நிக்கிற என் கார்ல இருந்து பலகையையும் மணல் பையையும் எடுத்துட்டு வாங்க."

பலகையில் படுக்கவைத்தோம். இரண்டு பக்கமும் மணல் பை. கூட்டத்திலிருந்தே நாலு பேர் தூக்கினார்கள். காரின் பின் சீட்டில் பலகையைக் குறுக்காக நுழைத்தால் கதவு மூடவில்லை. திறந்த கதவைக் கயிற்றால் கட்டினோம். அண்ணாச்சி இடுப்பில் கட்டிய துண்டோடு தரையில் மண்டியிட்டு, தலையைப் பிடித்தபடியே தென்காசி வரை வந்தார். கார் மாட்டு வண்டியைவிட மெதுவாகப் போனது. பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்தது. டாக்டர் காதில் வாங்கவில்லை.

இனிமேல்தான் படம் எடுக்கவேண்டும். தோள் மறைக்கிறது என்றால் தோளைக் கீழே இறக்கவேண்டும். படுத்திருக்கிறவரின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கால் பக்கமாக மெதுவாக இழுக்கவேண்டும். இழுக்கும்போது கழுத்தில் இருக்கிற கோளாறு பெரிதாகிவிட்டால்? இழுக்காமல் தெரியாது. இழுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியாது. டாக்டர் ஒரு கையைத் தானே பிடித்துக்கொண்டு மறு கையை அண்ணனிடம் கொடுத்தார்.

"தம்பி, விரல்ல எறும்பு கூடினாலோ, கையில கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தாலோ கண்ணை மூடிரு. இழுக்கிறதை விட்டுருவோம். வாயால சொல்ல வேண்டாம். தலையாட்டவே கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டுவதுதான் நம் பழக்கம். பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட அது வந்துவிடும். மாடசாமியின் தலை அசையப் போவதை அண்ணாச்சியின் கை உணர்ந்து இறுகிக்கொண்டது. "கண்ணு, கண்ணு," என்றார் அண்ணாச்சி பதறிப்போய். மாடசாமி எங்களைப் பார்த்தார். இமையை மூடாமல், அகலத் திறந்து பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் சிரித்துக்கொண்டு வந்த ஆள் அது.

இழுத்தார்கள். அங்குலம் அங்குலமாகத் தோள் இறங்கியது. நான் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு அந்தக் கண்களையே பார்த்தேன். மூடிவிடாதே, மூடிவிடாதே. மூடவில்லை. அழுத்தினேன்.

இருட்டறைக்கு ஓடிப் படத்தைக் கழுவினேன். சிவப்பு விளக்கில் எலும்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஆறு வரை வந்தது. பிறகு ஏழாவதும் வந்தது. ஆறாவது எலும்பு ஏழாவதின் மேல் உட்காராமல் முன்னால் வழுக்கி வந்து நின்றுகொண்டிருந்தது. நரம்பு போகிற வழி பாதியாகக் குறுகியிருந்தது. ஒரு திருப்புத் திருப்பினால் மீதிப் பாதியும் மூடியிருக்கும். ஈரப் படத்தைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து டாக்டரிடம் கொடுத்தேன்.

அவர் மெழுகு பென்சிலை எடுக்கவில்லை. படத்தைத் திருப்பி அண்ணாச்சிக்குக் காட்டினார். கோடு இல்லாமலே அவருக்குப் புரிந்தது.

"நான் திருப்பியிருந்தா...?" என்றார்.

"திருப்பலையே," என்றார் டாக்டர்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் வந்ததும் நர்ஸ் ஒருத்தி தலையைப் பிடிக்க வந்தாள். அண்ணாச்சியால் கையை எடுக்க முடியவில்லை. விரல்கள் அப்படியே விறைத்துக்கொண்டுவிட்டன. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். கையை எடுத்த பிறகு அவர் எக்ஸ்ரே அறைச் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். டாக்டர் வெளியே போய்விட்டார்.

அந்தச் சிவப்புக் கோட்டுப் படத்தை அண்ணன் திருப்பித் தந்துவிட்டுப் போனார். டாக்டர் ஸ்பிரிட் பஞ்சால் ஏழாவது எலும்பின் கோட்டை மட்டும் துடைத்து, ஆறு கோட்டோடு அதை எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டினார். நான் வேலையை விடும்வரை அது அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் அறையில் ஒரு சட்டம். ஏழாவது எலும்பும் அதற்குக் கீழே இருக்கிற முதல் முதுகெலும்பின் மேல் விளிம்பும் கண்ணுக்குத் தெரியாமல் எந்தக் கழுத்துப் படமும் வெளியே போகாது. தெரியாத இடம் வெள்ளையாகவே இருக்கும். அதைச் சுற்றி யாரும் கோடு போடுவதில்லை.

இப்போது தெரிகிறதா, உங்கள் அறையில் நான் ஏன் தண்ணீர் கேட்டேன் என்று? அந்தப் பெண் காட்டிய படத்திலும் தோள் மறைத்திருந்தது. ஏழாவது எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. உங்கள் கம்ப்யூட்டர் அதன் மேல் கத்தரிப்பூ நிறத்தை ஒழுங்காகப் பூசி வைத்திருந்தது. லட்சம் கழுத்துப் பார்த்த கம்ப்யூட்டர், தானாகவே வரைந்துவிட்டது. நல்ல வரைச்சல்தான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கோணல்மாணலாக வரைந்திருந்தால் நீங்களே சந்தேகப்பட்டிருப்பீர்கள். அண்ணாச்சிக்கு இருந்த பயம் சரியான பயம். அந்தப் பயத்தை அழித்தது ஒரு அழகான கோடு. உங்களிடமிருந்து படம் வாங்குகிற டாக்டருக்கும் ஒரு பயம் இருக்கும். நீங்கள் பூசுகிற நிறம் அதை அழித்துவிடும். ஆகவே அனுப்புவதற்கு முன்னால் நிறத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். எலும்பு இருந்தால் பூசுங்கள். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுங்கள். இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். டாக்டர் அருவிக்கரையில் அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

மாடசாமிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சில வருஷம் கழித்து ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அந்தத் தோளை நான் மறக்க முடியுமா? தோளில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப் போட்டு, அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து ஆடியது. எனக்கு உயிரே போய்விட்டது. கூப்பிடலாம் என்று வாய் வந்தது. கூப்பிடவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"சிஸ்டர்!" என்றார். அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன தம்பி இது? முதல்ல பிள்ளையைக் கீழ இறக்குங்க."

"இறங்க மாட்டேங்கா சிஸ்டர். மூணு மாசம் தலையில கம்பி போட்டு, வெயிட்டைக் கட்டித் தொங்க விட்டுப் படுக்க வச்சிருந்தாவ. எல்லாம் கூடிட்டு. பட்டாளத்துக்குத்தான் போவ முடியல. ஊர்ல வயலப் பாக்கேன்." சிரித்தார். "அது சரி, பின்னாலேயே நின்னுட்டு இருந்தீங்க, எதுத்த கடைக் கண்ணாடியில பாத்தேன். கூப்பிட்டிருக்கலாம்லா? எதுக்குச் சுத்தி வந்தீங்க?"

"பயமா இருந்துச்சு. உங்களுக்கு இப்போ பயமா இல்லையா?"

அவர் வாயால் பதில் சொல்லவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. மேலே இருந்த குழந்தையும் சேர்ந்து ஆடிச் சிரித்தது. நான் ஏறவேண்டிய தென்காசி பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியும் போனது. நான் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.